பொறியியல் முடித்தும் வேலையில்லை, கல்விக் கடன் தவணை நெருங்குகிறது: எங்கிருந்து தொடங்குவது?

மே மாதம் கடைசி செமஸ்டர் முடிந்தது. கேம்பஸில் எதுவும் கிடைக்கவில்லை. அல்லது ஆஃபர் லெட்டர் வந்தும் சேரும் தேதி வரவில்லை. அடுத்த வருடம் மே, ஜூனில் வங்கித் தவணை தொடங்கிவிடும். வீட்டில் யாரும் நேராகக் கேட்பதில்லை, சொந்தக்காரர்கள்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் முடித்த ஏராளமான பிள்ளைகள், அதிலும் வீட்டின் முதல் பட்டதாரிகள், இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நர்சிங், பார்மசி, சட்டம், எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வேலை கிடைக்கட்டும், பிறகு வங்கிக்குப் போய்க்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். நான் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். வேலை எப்போது கிடைக்கும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. கடன் கணக்கு கெடாமல் காப்பாற்றுவது பெருமளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. பாக்கி விழும் முன்னாலேயே வந்து பேசுகிறவருக்கு மேலாளர் உட்கார நாற்காலி காட்டுவார். ஆறு மாதம் போனை எடுக்காமல் இருந்துவிட்டு வருகிறவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

1. கடன் கணக்கை முழுதாகப் படியுங்கள்

கடன் வாங்கிய கிளைக்குப் போய் இரண்டு காகிதங்கள் கேளுங்கள்: சாங்ஷன் லெட்டர் (கடன் ஒப்புதல் கடிதம்) நகல், கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரையான ஸ்டேட்மென்ட். பெற்றோரோடு போவது நல்லது, கடன் அவர்கள் பெயரிலும் இருக்கிறது. ஸ்டேட்மென்டில் பார்க்க வேண்டியவை: இதுவரை வழங்கிய தொகை, வட்டி விகிதம், சேர்ந்திருக்கும் வட்டி, மாரட்டோரியம் (தவணை கட்டத் தேவையில்லாத காலம்) முடியும் தேதி, மாதத் தவணை, எத்தனை ஆண்டுத் தவணை.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைத்தான் பெரும்பாலான பொதுத்துறை வங்கிகள் பின்பற்றுகின்றன. அதன்படி படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் அந்தக் காலம் முழுவதும் தனிவட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாரட்டோரியம் முடியும் அன்று, சேர்ந்த வட்டியை அசலோடு கூட்டித் தவணை போடுவார்கள். "நாலு லட்சம்தானே வாங்கினோம், எப்படி ஐந்தரை லட்சம் ஆச்சு?" என்று பல வீடுகளில் அதிர்ச்சி வருவது இதனால்தான்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் 4 வருடத்தில் 4 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, கடைசி லட்சத்துக்கு 2. மொத்த வட்டி 1,47,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,47,000 ரூபாய். இதை 10 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 7,380 ரூபாய். 15 வருடத்தில் கட்டினால் சுமார் 6,050 ரூபாய். அந்தக் கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 4,790 ரூபாய். உங்கள் கடனுக்கும் இந்த எண்களை எழுதி வையுங்கள். வங்கியில் பேசும்போது கையில் எண்கள் இருந்தால் பேச்சு வேறு தரத்தில் போகும்.

இங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் மாணவர்களுக்கு, படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் சேரும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் வட்டி மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது அது. கல்லூரி அங்கீகாரம் போன்ற நிபந்தனைகளும் உண்டு. இதற்கு உங்கள் கிளைதான் கோரிக்கையைப் பதிவேற்ற வேண்டும். கனரா வங்கி வழியாகத்தான் மானியம் வரும். வருமானச் சான்றிதழ் கொடுத்திருந்தீர்களா, ஸ்டேட்மென்டில் மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் இது ஒன்றரை லட்ச ரூபாய் விவகாரம், கூச்சப்பட்டுக்கொண்டு விடக்கூடிய தொகை இல்லை.

அரியர் இருப்பவர்கள் அதையும் வங்கியில் சொல்லுங்கள். குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாமல் போனால் அதிகபட்சம் 2 ஆண்டுவரை கால நீட்டிப்பு தர மாதிரித் திட்டத்திலேயே இடம் உண்டு.

2. அப்பாவின் பெயரும் இதில் இருக்கிறது

கல்விக் கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளி. தவணை நின்றால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் ஸ்கோர் மட்டும் விழாது, அவர்களுடையதும் சேர்ந்து விழும். அப்பா விவசாயம் செய்கிறவர் என்றால் அவருடைய பயிர்க்கடன் புதுப்பித்தல் தடைபடலாம். தங்கைக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகும்போது உங்கள் பாக்கி குறுக்கே நிற்கலாம். "அப்பாவுக்கு எதுக்குக் கவலை குடுக்கணும்" என்று வங்கிக் கடிதங்களை மறைத்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் அவருக்கும் சேர்த்து வந்தது. தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. முன்னாலேயே தெரிந்தால் அவராலும் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியும்.

சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்களுடையதையும் பெற்றோருடையதையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

3. தவணை தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே கடிதம் கொடுங்கள்

வேலையில்லாத காலத்துக்கும் மிகக் குறைந்த சம்பளத்தில் இருக்கும் காலத்துக்கும், கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று மாதிரித் திட்டத்தில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. சில கிளைகளில் இருப்பவர்களுக்கே நினைவிருக்காது. வாயால் கேட்டால் "பார்க்கலாம்பா" என்று முடிந்துவிடும். எழுதிக் கொடுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

*பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்*
*பொருள்: கல்விக் கடன் கணக்கு எண் (……): தவணையை 6 மாதம் தள்ளிவைக்கக் கோருதல்*

*மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,*
*தங்கள் கிளையில் பெற்ற கல்விக் கடன் மூலம் பி.இ. இயந்திரவியல் படிப்பைச் சென்ற ஆண்டு நிறைவு செய்தேன். வரும் ஜூன் மாதம் தவணை தொடங்குகிறது. தொடர்ந்து முயன்றும் இதுவரை வேலை கிடைக்கவில்லை. விண்ணப்பித்த விவரங்களையும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையையும் இணைத்துள்ளேன். கடனைத் திருப்பிச் செலுத்துவதில் உறுதியாக உள்ளேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வேலையில்லாக் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க இடம் உள்ளதால், 6 மாத அவகாசம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். அக்காலத்தில் மாதம் 1,500 ரூபாய் செலுத்துவேன். இது இயலாதெனில், திருப்பிச் செலுத்தும் காலத்தை 15 ஆண்டாக நீட்டித்துத் தவணையைக் குறைத்துத் தர வேண்டுகிறேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.*

நீங்களும் கூட்டுக் கடனாளியும் கையெழுத்திடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் தேதியோடு கிளையின் சீல் வாங்குங்கள். சீல் போடத் தயங்கினால் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்டில், பதிவுச் சேவையும் டெலிவரிச் சான்றும் கேட்டு அனுப்புங்கள், கிளையின் மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கட்டுவேன் என்று எழுதும் தொகை உண்மையிலேயே கட்ட முடிந்ததாக இருக்க வேண்டும். 500 ரூபாய்தான் முடியும் என்றால் 500 என்றே எழுதுங்கள்.

தள்ளிவைப்பு இலவசம் அல்ல. மேலே சொன்ன கடனில் ஆறு மாதம் தள்ளினால் வட்டி மட்டும் சுமார் 28,700 ரூபாய் கூடும். காலத்தை 15 ஆண்டாக நீட்டினால், கடைசிவரை அப்படியே கட்டினால், 10 ஆண்டைவிட ஏறக்குறைய 2 லட்சம் அதிகம் போகும். அப்படியிருந்தும் நீண்ட காலத்தைக் கேட்டு வாங்குவதே நல்லது என்பேன். முன்கூட்டியே கட்டினால் கல்விக் கடனில் அபராதம் கிடையாது. கஷ்ட காலத்தில் சின்னத் தவணை, சம்பளம் வந்ததும் கூடுதலாகக் கட்டி முன்னாலேயே முடிப்பது என்று இருங்கள். வங்கி ஒப்புக்கொண்டால், அதை சிபிலில் எப்படிப் பதிவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

4. கட்ட முடியாமல் போனால்: 90 நாள் கணக்கு

ஒரு தவணை தேதி தாண்டிய நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்குகிறது. பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு ஒரு தவணை மட்டும் கட்டிப் பயனில்லை; தவணைப் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு மறுபடி நல்ல கணக்காகும். ஆகவே இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பதுதான் முக்கியம்.

நீங்கள் கட்டும் பணம் பொதுவாக மிகப் பழைய பாக்கியில்தான் முதலில் கழியும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் நிற்கிறது என்றால், ஜூன் பாக்கி 90 நாளைத் தொடுவதற்குள் ஒரு முழுத் தவணையைக் கட்டிவிட்டால் பழைய பாக்கி ஜூலையாக மாறும், 90 நாள் எண்ணிக்கையும் தள்ளிப்போகும். தாமதம் சிபிலில் பதிவாகத்தான் செய்யும், ஆனால் வாராக்கடன் ஆவதைவிட அது எவ்வளவோ மேல். ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிப்பார்கள். அதைப் பற்றியும் கிளையில் பேசுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தவணை கட்டுவதற்காக மீட்டர் வட்டிக்கோ லோன் ஆப்பிலோ கடன் வாங்காதீர்கள். 10 சதவீதக் கடனை அடைக்கப் போய் அதைவிடப் பல மடங்கு வட்டியில் மாட்டிக்கொள்வீர்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கடன் கட்ட முடியாதது சிவில் விவகாரம், அதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. ஆனால் காசோலையோ ஆட்டோ டெபிட்டோ பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காகலாம். தேர்தலுக்குத் தேர்தல் கல்விக் கடன் தள்ளுபடி பற்றிய பேச்சு வரும். அரசாணை வராத வரை அதை நம்பித் தவணையை நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே வாராக்கடன் ஆகிவிட்டதென்றால், மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் பேசித் தீர்க்க வழி இருக்கிறது. கட்டணம் இல்லை. அங்கே வரும் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது; எனவே கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். போகும் முன் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேளுங்கள், தொலைபேசி எண் 15100. பேசிக் குறைத்து முடித்த கடன், முழுதாக அடைத்த கடன் போல சிபிலில் வராது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

5. வசூல்காரர் போன் செய்தால்

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மிரட்டுவது, ஊரார் முன் அவமானப்படுத்துவது, உறவினர்களையும் நண்பர்களையும் தொல்லை செய்வது எல்லாமே தடை. அழைப்பவரின் பெயர், எந்த வங்கிக்காகப் பேசுகிறார், அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்; தேதி, நேரம் குறித்து வையுங்கள். பணத்தை அவர் கையிலோ அவருடைய ஜிபே எண்ணுக்கோ தராதீர்கள். கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள்.

தொல்லை தொடர்ந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம், உதவி எண் 14448. தவணையைத் தள்ளிவைக்கும்படி அவர் வங்கிக்கு உத்தரவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது வங்கியின் முடிவு. மானியம் வரவு வைக்காதது, கணக்குப் பிழை, கடிதத்துக்குப் பதிலே தராதது, வசூல் தொல்லை போன்றவற்றுக்கு இந்தப் புகார் உதவும்.

6. இனி வேலை: காசு கேட்காத கதவுகள் முதலில்

சான்றிதழ்கள் கையில் இருக்கின்றனவா? கட்டணப் பாக்கியைக் காட்டி அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிகள் உண்டு. அப்படி வைத்திருக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் பல்கலைக்கழகத்துக்கும், 1100 என்ற முதல்வரின் உதவி மையத்துக்கும் புகார் போகட்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குச் சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்களில்தான் பதிவு. இணையத்திலேயே செய்யலாம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தமிழக அரசின் வேலையில்லா உதவித்தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கு அது கிடையாது. எனக்கு இதில் உடன்பாடில்லை, கடனோடு நிற்பவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். ஆனால் இன்றைய விதி அதுதான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தால் கிடைக்கும் பலன் வேறு: அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு, தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் அடிக்கடி நடக்கின்றன.

அப்ரன்டிஸ்ஷிப் பயிற்சியைப் பலர் கேவலமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், மின்வாரியம் எல்லாம் பட்டதாரி அப்ரன்டிஸ்களை எடுக்கின்றன. அப்ரன்டிஸ் பயிற்சிக்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்தில். பட்டதாரிகளுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை 2019-ல் மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அது முடிந்ததும் நிரந்தர வேலை தருவார்கள் என்ற உறுதி இல்லை. ஆனாலும் ஒரு வருட அனுபவச் சான்றும், கடனின் வட்டியையாவது கட்டும் அளவு வருமானமும் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் இதற்குத் தகுதி போய்விடும், எனவே முதல் வருடத்திலேயே விண்ணப்பியுங்கள்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பதாக இருந்தால், கடன் இருக்கும் வீட்டில் எல்லையை முதலிலேயே வீட்டாரோடு பேசிக் குறியுங்கள். வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டே படிப்பதா, முழுநேரமாக ஒரு தேர்வுச் சுற்று மட்டும் படிப்பதா என்று தெளிவாக இருக்கட்டும். "அடுத்த தடவை கண்டிப்பா" என்று வருடங்கள் ஓடுவதும், வட்டி ஓடுவதும் ஒன்றாக நடக்கும். பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வு எழுதுகிறவர்களுக்கு அந்த மதிப்பெண் 3 வருடம் செல்லும்.

பணம் கேட்கும் இடங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். "பேக்டோர்" என்று ஐ.டி. வேலைக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களுக்குத் தராதீர்கள். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பார்கள், பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். (ஒரே நிரந்தர எண்) வரலாற்றைப் பார்த்தாலே நிறுவனத்துக்கு உண்மை தெரிந்துவிடும், சேர்ந்த வேலையும் போய்விடும். "வேலை நிச்சயம்" என்று கோர்ஸில் சேர்த்து, கட்டணத்தை நிதி நிறுவனக் கடனாக மாற்றிவிடும் பயிற்சி நிலையங்களும் உண்டு. வேலை கிடைக்காவிட்டாலும் அந்தத் தவணை நிற்காது. ஒரு கல்விக் கடன் இருக்கும்போது இரண்டாவது வேண்டவே வேண்டாம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிகளை முதலில் பாருங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். பதிவு பெற்றவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போகப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவது பாதுகாப்பான வழி. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.

7. இரவில் தூக்கம் வராவிட்டால்

கடன், வேலையின்மை, ஊர்ப்பேச்சு மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் மனம் தளரும். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலோ 104-லோ பேசுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "உன் ஃப்ரெண்டுக்கெல்லாம் கிடைச்சிருச்சே" என்ற ஒரு வரியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை வங்கிக்குப் போகும் நாளில் கூடப் போங்கள்.

8. முதல் சம்பளம் வந்ததும்

சம்பளத்தில் முதலில் நிலுவையைச் சரிசெய்யுங்கள், பிறகு சம்பளத் தேதியை ஒட்டித் தவணைத் தேதியை மாற்றித் தரும்படி வங்கியைக் கேளுங்கள். தவணையைவிட 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட முடிந்தாலும் கட்டுங்கள், அது அசலில் கழிகிறதா என்று ஸ்டேட்மென்டில் உறுதிசெய்யுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, கட்டிய கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுவரை வரிக்கழிவு உண்டு. வட்டிச் சான்றிதழை வங்கி தரும்.

கடன் முடியும் நாளில் நிலுவையில்லாச் சான்றிதழும், அடமானமாகக் கொடுத்த பத்திரம் இருந்தால் அதையும் கையோடு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையிலும் அப்பாவின் அறிக்கையிலும் அந்தக் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சான்றிதழை இணைத்து அங்கேயே திருத்தம் கேட்கலாம்.